ஜப்பானில் பத்து நாள்: ரயிலும் சாப்பாடும்

எங்கள் விடுதியில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருக்கிறார். மூன்று ஆண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு நண்பர் இருவருடன் ஜப்பானுக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் இரவு தேசப்படம் ஒன்றுடன் என் அறைக்கு வந்தார். வடக்கே சப்போரோ முதல் தெற்கே ககோஷிமா வரை பதினோர் ஊர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"பத்து நாளில் இத்தனையும் பார்த்துவிடலாம். ரயில் பாஸ் ஒன்று வாங்கினால் போதுமாம். எங்கே வாங்குவது, சொல்லுங்கள்" என்றார்.

"பாஸ் கடைசிக் கேள்வி. எந்த ஊரில் இறங்குகிறீர்கள், எந்த ஊரில் திரும்ப விமானம் ஏறுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி" என்றேன். அன்றிரவு நாங்கள் போட்ட கணக்கு மற்ற நண்பர்களுக்கும் பயன்படலாம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

வட்டம் வேண்டாம், கோடு போதும்

ஜப்பானின் பெருநகரங்கள் பல ஒரே இருப்புப்பாதையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா என்று மேற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்தில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. அன்று நான்கு மணி நேரம் பிடித்த பயணம் இன்று ஏறக்குறைய இரண்டரை மணியில் முடிந்துவிடுகிறது. இரண்டு இரவை ரயிலில் கழித்து ஊர்போய்ச் சேரும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவை அடுத்துள்ள கான்சாய் விமான நிலையத்தில் ஏறித் திரும்புவதே நல்லது. போகும் ஊர் ஒன்றும் திரும்பும் ஊர் வேறொன்றுமாக விமானச் சீட்டு எடுக்க முடியும். வந்த வழியே டோக்கியோவுக்குத் திரும்பினால் ஆளுக்குச் சுமார் 14,500 யென்னும் அரை நாளும் வீணாகும்.

பாஸ் யாருக்கு?

நாடு முழுவதற்கும் செல்லும் ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் ஒரு காலத்தில் மலிவாக இருந்தது. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. "பாஸ் வாங்கினால் லாபம்" என்று பழைய பயணிகள் சொல்வது அதற்கு முந்திய கணக்கு.

தனித்தனிச் சீட்டாக எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குச் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்குச் சுமார் 11,500. ஹிரோஷிமாவிலிருந்து ஒசாகாவுக்குச் சுமார் 10,500. ஆக மொத்தம் 36,000 யென். டோக்கியோவுக்கே திரும்பி வந்தாலும் 50,500தான் ஆகிறது. ஏழே நாளுக்குள் இந்தச் சுற்றை ஓடி முடித்தாலும் பாஸின் விலைக்குச் சரிக்குச் சரி. மிச்சம் ஒன்றும் இல்லை.

இதைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. மேற்கு ஜப்பானுக்கு மட்டும் செல்லும் கான்சாய்-ஹிரோஷிமா பாஸ் அதே 2023 விலை மாற்றத்தில் 17,000 யென் ஆயிற்று. தொடர்ந்து ஐந்து நாள் செல்லும். ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையிலான ஷின்கான்சென், நாரா செல்லும் ரயில், மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகு, விமான நிலையம் செல்லும் ஹருகா ரயில் ஆகிய எல்லாம் இதில் அடக்கம். டோக்கியோ-கியோட்டோ சீட்டையும் சேர்த்தால் 31,000 யென். நாடு முழுதும் செல்லும் பாஸைவிட ஆளுக்கு 19,000 யென் மிச்சம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்செனில் ஏற இந்தப் பாஸ் உதவாது. அந்தச் சிறு தூரத்தைச் சாதாரண விரைவு ரயிலில் கடக்க வேண்டும். விலைகள் மாறக்கூடியவை; புறப்படுமுன் அன்றைய விலையைக் கேட்டு இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நாள்வாரித் திட்டம்

முதல் மூன்று நாள் டோக்கியோ. அசாகுசாவின் செஞ்சோஜி கோயில், உவெனோ பூங்கா, ட்சுகிஜி கடைவீதி ஆகியவற்றைப் பார்க்கலாம். ட்சுகிஜியின் மொத்த மீன்சந்தை 2018இல் தொயோசுவுக்கு மாறிவிட்டது. வெளிப்புறக் கடைவீதி பழைய இடத்திலேயே இருக்கிறது. நகரை வட்டமாகச் சுற்றும் யாமனோத்தே ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நகரை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

நான்காம் நாள் கியோட்டோ. ரயிலில் வலப்பக்க ஜன்னல் ஓரம் கேளுங்கள். வானம் தெளிவாயிருந்தால் புறப்பட்ட முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தெரியும். ஐந்தாம் நாளும் கியோட்டோவே. சிவப்புத் தோரணவாயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் ஃபுஷிமி இனாரி கோயில் ரயிலில் ஐந்து நிமிட தூரம். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஆறாம் நாள் பாஸைத் தொடங்கி நாரா செல்லுங்கள். தோதாய்ஜி கோயிலின் மாபெரும் புத்தருக்கு 752இல் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. விமானமும் ரயிலும் இல்லாத காலத்தில் போனவர் அவர்!

ஏழாம் நாள் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அணுகுண்டு விழுந்த ஊர் அது. அங்கே டிராம் வண்டியில் ஏறும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் 9 அன்று, அந்தப் பாதையின் ஒரு பகுதியில் டிராம் மீண்டும் ஓடியது. நினைவகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடும் இடம் அல்ல அது. எட்டாம் நாள் காலை மியாஜிமா, மாலை ஒசாகா. ஒன்பதாம் நாள் ஹிமேஜியின் வெள்ளைக் கோட்டை. பத்தாம் நாள் ஹருகாவில் விமான நிலையம். பாஸின் ஐந்து நாளும் அத்துடன் சரியாக முடிகின்றன.

வயிற்றுப்பாடு

ஜப்பானில் ரயிலடியும் உணவுக்குப் பேர்போனது. அங்கே விற்கும் பொட்டலச் சோற்றுக்கு எகிபென் என்று பெயர். அந்தந்த ஊரின் விளைபொருளைக் கொண்டே பெரும்பாலும் செய்கிறார்கள். ஷின்கான்செனில் அதைப் பிரித்துச் சாப்பிடுவது வழக்கம். நகர்ப்புற ரயில்களில் சாப்பிடுவது நாகரிகம் அன்று. டோக்கியோவில் நின்றபடியே உண்ணும் சோபா கடைகள் மலிவு. ஹிரோஷிமாவில் ஒகோனோமியாகி என்னும் அடையை முட்டைக்கோசு, நூடுல்ஸ் என்று அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். ஒசாகாவில் எல்லாவற்றையும் மாவிலேயே கலந்துவிடுவார்கள். இரண்டையும் உண்டு பார்த்து எது சிறந்தது என்று வழக்காடலாம்.

சைவ உணவுக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண்ணுக்கு மீன் தெரியாது. ஆனால் சூப்பிலும் குழம்பிலும் தாஷி என்னும் வடிசாறு இருக்கும். கடற்பாசியுடன் உலர்ந்த மீன் சீவலும் சேர்த்துத்தான் பெரும்பாலும் அதைக் காய்ச்சுகிறார்கள். "நிகு தோ சகானா வா தபேமசென்" என்றால் "இறைச்சியும் மீனும் உண்பதில்லை" என்று பொருள். தாஷியும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நலம். கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடத்துச் சைவ உணவு கிடைக்கும். விலை சற்று அதிகம். ஒருவேளைக்கேனும் உண்ணத் தக்கது. மற்ற வேளைகளுக்கு உமேபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை எந்த மூலைக்கடையிலும் கிடைக்கும். நம் ஊர்க் கட்டுச்சோற்று நினைவு வரும்.

இன்னும் சில

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு ஆகிய நாட்களில் ஜப்பானியர் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். அந்நாட்களில் நொசோமி என்னும் மிக வேக ரயிலில் முன்பதிவு செய்தே இடம்பெற வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேற்படும் பெட்டியை இந்த ஷின்கான்செனில் ஏற்ற, அதற்கென உள்ள இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும். சிறு பெட்டியோடு போகிறவர்க்கு இத்தொல்லை இல்லை. விசாவுக்கும் நாள்வாரிப் பயணத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதால், மேலே போட்ட கணக்கு அங்கேயும் உதவும்.

நண்பர் தம் படத்தில் ஆறு வட்டங்களை அடித்துவிட்டு நாராவை மட்டும் புதிதாகச் சேர்த்தார். "சப்போரோ போய்விட்டதே!" என்று பெருமூச்சு விட்டார். மூவருக்குமாக மிஞ்சிய 57,000 யென்னை எழுதிக் காட்டினேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சப்போரோ எங்கே போய்விடப் போகிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.