கிழட்டுப் படகுக்குப் புதுச் சட்டை!

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். கார் நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதுகூட அடக்கமாகச் சொன்னதுதான்! பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 தேறுகிறதாம்.

இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு மனுஷன் சும்மா இருப்பானா? கராஜில் காருக்குப் பக்கத்திலேயே ஒரு படகு நிற்கும். பளபளா புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா வாங்கியது, சில வீடுகளில் தாத்தா வாங்கியது. நாற்பது, ஐம்பது வயசான அலுமினியப் படகுகள். நசுங்கி, கீறி, பெயிண்ட் உரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால், மிதக்கும்!

குளிர்காலம் முழுக்க ஏரி பனிக்கட்டியாகக் கிடக்கும். மே மாத நடுவில் 'வால்-ஐ' மீன் பிடிக்கிற சீசன் தொடங்கும். பனி உருகினதும், வாரம் ஐந்து நாளும் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் தேய்கிற ஆசாமிகளுக்குக் கை துறுதுறுக்கும். 'ஒரு டப்பா எனாமல், ஒரு பிரஷ், ஒரே ஒரு சனிக்கிழமை... முடிச்சுடலாம்!'

முடித்துவிடலாம்தான். ஜூலை மாதம் அந்தப் பெயிண்ட், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி நொறுங்கி ஏரியில் மிதக்கும்!

ஏன்?

ஏரோப்ளேனுக்குத் தம்பி

அலுமினியத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1944. உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக்கு 'ஹெல்கேட்' சண்டை விமானங்களைச் செய்து தள்ளிக்கொண்டிருந்த கம்பெனி கிரம்மன். அதன் உயர் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன் லீவு போட்டுவிட்டு நியூயார்க் மாநிலத்துக் காட்டுப் பக்கம் போனார். மரச்சட்டத்தில் துணி போர்த்திய கனூ படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கு ஏரி நடந்ததில் முதுகு விட்டுப் போச்சு. 'விமானம் செய்கிற அலுமினியத்தகட்டில் இதைச் செய்தால் என்ன?' என்று தோன்றியது.

யுத்தம் முடிந்தது. விமான ஆர்டர்கள் நின்றன. தகடு இருக்கிறது, ரிவிட் அடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. கம்பெனி கனூ செய்ய ஆரம்பித்தது. பின்னால் நிலாவில் மனிதனை இறக்கிய வண்டியைச் செய்ததும் இதே கிரம்மன்தான்! மற்ற கம்பெனிகளும் களத்தில் குதிக்க, மரப்படகுகளை ஓரங்கட்டிவிட்டு அலுமினியம் ஏரிகளைப் பிடித்துக்கொண்டது.

காரணம் எடை. ஒரு லிட்டர் பாத்திரம் அளவு அலுமினியக் கட்டி 2.7 கிலோ. அதே அளவு இரும்பு ஏறக்குறைய 7.8 கிலோ. அதோடு, அலுமினியம் துருப்பிடிக்காது. நல்ல தண்ணீர் ஏரியில் பெயிண்டே இல்லாமல் பல வருஷம் ஓடும். அழகுக்கு, வெயிலில் கண் கூசாமல் இருக்க, வாத்து வேட்டைக்காரர்களுக்கு மறைவாக இருக்க... இதற்குத்தான் பெயிண்ட். உப்புத் தண்ணீருக்குப் போகிற படகு என்றால் பாதுகாப்புக்கும்.

ஒட்டாத தோல்

துருப்பிடிக்காத அந்த நல்ல குணம்தான் பெயிண்ட்டுக்கு வில்லன்!

அலுமினியத்தைச் சுரண்டி, பளிச்சென்று உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். கண் இமைக்கிற நேரத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன்மேல் உட்கார்ந்து, மெல்லிய ஆக்ஸைடு தோல் ஒன்றைப் போர்த்திவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், மகா கெட்டி. மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் அடிப்படையில் இதே அலுமினியம் ஆக்ஸைடுதான். உள்ளேயிருக்கும் உலோகத்தை அரிக்க விடாமல் காப்பது இந்தத் தோல்தான்.

புதுத் தோலால் தொல்லை இல்லை. பல வருஷம் மழை, வெயில், பாசி, என்ஜின் ஆயில் எல்லாவற்றையும் குடித்து, மாவு மாதிரி பூத்துப்போன பழைய தோல்தான் தகராறு. அதன்மேல் எனாமல் அடித்தால், பெயிண்ட் மாவைப் பிடித்துக்கொள்ளும். மாவு உலோகத்தை விட்டுவிடும். விபூதி பூசிய நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? அதே கதைதான்.

ஆக, டப்பா எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அப்புறம். அடியில் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சனிக்கிழமை போதாது. நாலு வேண்டும்.

முதல் சனி: தண்ணீர் உள்ளே, ஆள் வெளியே

பெயிண்ட் டப்பாவைத் தொடவே கூடாது! முதலில் சோப்பு போட்டுக் கழுவி, ஆயில் பிசுக்கைப் போக்க வேண்டும். அப்புறம் டிரெய்லரில் நிற்கும் படகுக்குள் தண்ணீர் விட வேண்டும். அடியில் உள்ள ரிவிட்டுகள் முழுகுகிற அளவு போதும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, டிரெய்லர் பாவம்!

இப்போது படகுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். எந்த ரிவிட்டில் சொட்டுகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் வட்டம். வெளியே ஒருவர் கெட்டியான இரும்புக் கட்டியை ரிவிட் தலைமேல் அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் சுத்தியலால் தட்டினால் பல ரிவிட்டுகள் இறுகிவிடும். கணவன் - மனைவி ஒற்றுமைக்கு நல்ல பரீட்சை! இறுகாததைக் கழற்றிப் புதுசு போட வேண்டியதுதான். ஓட்டையை மறைக்கப் பெயிண்ட் அடிப்பது, ஒழுகுகிற கூரைக்குக் கோலம் போடுவது மாதிரி. நடு ஏரியில் தெரிந்துவிடும்.

இரண்டாவது சனி: சுரண்டல்

பழைய பெயிண்ட்டை எடுக்கும் படலம். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் கலப்பதை 1978-ல்தான் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய படகுகளின் பெயிண்ட்டிலும் ஈயம் இருக்கலாம். அடியில் மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு பூச்சு தெரிந்தால், அது யுத்த காலத்து விமானங்களிலிருந்து வந்த ஜிங்க் குரோமேட் பிரைமராக இருக்கலாம். அரிக்காமல் காப்பதில் கெட்டிக்காரன். ஆனால், புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம் அதில் இருக்கிறது. எனவே சந்தேகம் இருந்தால் உலர்ந்த தேய்ப்பு வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. நல்ல வடிகட்டி உள்ள முகமூடி போடணும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

'தேய்ப்பானேன், கெமிக்கல் ஊற்றிக் கரைச்சுடலாமே' என்கிறீர்களா? மெத்திலீன் குளோரைடு உள்ள பெயிண்ட் ரிமூவர்களைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்று 2019-ல் அமெரிக்க அரசு தடை போட்டுவிட்டது. காற்றோட்டமில்லாத இடத்தில் அதை உபயோகித்து உயிர்விட்டவர்கள் உண்டு. காஸ்டிக் சோடா கலந்தது? அது பெயிண்ட்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும்! 'அலுமினியத்துக்கு ஏற்றது' என்று லேபிளில் போட்டதைத்தான் வாங்க வேண்டும்.

தேய்க்க உப்புத்தாள் சரி. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் சரி. இரும்புக் கம்பி நார் மட்டும் கூடவே கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொண்டு, ஈரம் பட்டதும் அரிக்க ஆரம்பிக்கும். ஒரு வேடிக்கை... பெரும்பாலான உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் பொடியும் அலுமினியம் ஆக்ஸைடுதான். முள்ளை முள்ளால்!

மூன்றாவது சனி: பூச்சு

கடைசியாக ஒரு முறை துடைத்து, உலர்ந்ததும், நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே பிரைமர். சாதாரண பிரைமர் இல்லை, லேசாக அமிலம் கலந்த 'செல்ஃப் எட்ச்சிங்' பிரைமர். அமிலம் அந்தத் தோலை மெல்லக் கடித்து, தானும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் எந்தப் பெயிண்ட் ஒத்துப்போகும் என்பது டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படிக்கும் பொறுமை வேண்டும்.

அப்புறம் எனாமல். ஒரே அடியாகத் தடியாகப் பூசினால், மேலே ஆடை கட்டிக்கொண்டு உள்ளே பச்சையாகவே இருக்கும். சுருங்கிச் சுருங்கி, ஆறின பாலில் ஏடு மாதிரி ஆகும். மெல்லிசாக ரெண்டு, மூன்று கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மணி நேரம் என்று டப்பா சொல்வதை மீறக்கூடாது. பனி ஈரம் பட்ட தகட்டில் காலையிலேயே ஆரம்பிக்கக்கூடாது.

எனாமலைக் கல்லாக்க ஹார்டனர் கலப்பவர்கள் உண்டு. பளபளப்பு அபாரம்தான். ஆனால், பல ஹார்டனர்களில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் இழுத்துவிடும். கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற சமாசாரம் இல்லை. ஹார்டனர் இல்லாமல் பிரஷ்ஷில் அடித்துவிட்டுக் கூடுதலாகக் காத்திருப்பது புத்திசாலித்தனம். பெயிண்ட் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் எறியவும் கூடாது. எண்ணெய் அடிப்படையிலான பெயிண்ட் காற்றோடு சேரும்போது சூடாகும்; குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடணும்.

இன்னும் ஒன்று. பாசி ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த அடிப்பூச்சு கடையில் கிடைக்கும். அலுமினியப் படகுக்கு அது விஷம். செம்பும் அலுமினியமும் தண்ணீரில் பக்கத்தில் இருந்தால் பாட்டரி மாதிரி வேலை செய்யும். கரைந்து போவது அலுமினியம்தான்.

தொடாதே!

உற்சாகத்தில் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடக் கூடாத இடங்கள் உண்டு. 1972-க்குப் பிந்தைய படகுகளின் பின்புறத்தில் 12 எழுத்துகள், எண்கள் கொண்ட அடையாளம் இருக்கும். 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் 'இத்தனை பேர், இத்தனை எடை' என்று ஒரு தகடும் இருக்கும். அதை மறைத்தால், பின்னால் வாங்குகிறவர் மச்சினன், மச்சினி, அவர்கள் பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெயிண்ட் உரிந்தால் மறுபடி அடிக்கலாம். படகு கவிழ்ந்தால்?

முன்பக்கம் இரண்டு பக்கமும் பதிவு எண்ணை 3 அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், பெயிண்ட் நிறத்துக்கு எடுப்பாகத் தெரிகிற நிறத்தில் மறுபடி ஒட்ட வேண்டும். அது சட்டம்.

நாலாவது சனி: சும்மா இருங்கள்

எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை இதுதான்!

தொட்டால் விரலில் ஒட்டவில்லை. சீசனோ தொடங்கிவிட்டது. ஆனால், எனாமல் இன்னும் காயவில்லை. தின்னர் ஆவியானதும் மேற்பரப்பு உலர்ந்த மாதிரி காட்டும். உள்ளே அது ஆக்ஸிஜனை மெல்ல இழுத்துக் கெட்டியாகிக்கொண்டே இருக்கும். முழுசாக இறுக நாள்கணக்கில், குளிர் ஊரில் வாரக்கணக்கில்கூட ஆகும். அவசரப்பட்டு டிரெய்லரில் ஏற்றி, பட்டையை இறுக்கிக் கட்டினால், அந்தப் பட்டையின் தடம் படகில் நிரந்தரமாக இருக்கும்.

பெயிண்ட் ஆன பிறகும், சாதாரண எனாமல் அடித்த படகை நாள் முழுக்க, மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிப் போடக்கூடாது; கொப்புளம் வரும். மீன் பிடித்தோமா, டிரெய்லரில் ஏற்றினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கிற படகுக்குத்தான் இது சரி.

நாலு சனிக்கிழமையும் சரியாகச் செய்த படகு, ஏரிக்குப் போன முதல் நாளே கரையோரச் சரளைக் கல்லில் உரசி 'சர்ர்ர்' என்று ஒரு கோடு வாங்கும். நெஞ்சு வலிக்கும்தான். அதற்காகவே மிச்ச எனாமலைச் சின்ன பாட்டிலில் இறுக மூடி வைத்திருப்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். கோடு மேலே மட்டும்தான். அடியில் பிரைமர் பிடித்துக்கொண்டிருந்தால் அது பரவாது.

மீன்களுக்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது. அவை பார்ப்பது படகின் அடிப்பாகத்தை மட்டும்தானே!