கண்ணாடி உடைந்த மழை இரவு

2021 மே மாதம் டவ்தே புயல் மும்பையை ஒட்டிக் கடந்தபோது, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 230 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கொலாபாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் வீசிற்று. அத்தகைய இரவில் சன்னல் கண்ணாடி உடைந்தால் கண்ணாடிக்காரர் வரமாட்டார். தாராவியின் ஒற்றை அறை வீடாயினும் செம்பூரின் ஏழாம் மாடியாயினும், விடியும்வரை காப்பது வீட்டாரின் பொறுப்பே.

குழந்தைகளை அப்புறப்படுத்தி, தடித்த செருப்பும் கையுறையும் அணிந்தபின் சட்டத்தில் தொங்கும் சில்லுகளை உட்புறமாகவே இழுத்து எடுக்க வேண்டும். வெளியே தள்ளினால் கீழே செல்பவரின் தலையில் விழும். அள்ளிய சில்லுகளைச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே 'காச்' என மராத்தியில் எழுதித் தனியே கொடுத்தால் துப்புரவுப் பணியாளரின் கை தப்பும்.

கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் அது புயலைத் தாங்கும் என்பது பலரின் நம்பிக்கை. அவ்வாறன்று. விரிசல் கண்ட கண்ணாடி சிதறாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே டேப் உதவும்.

மூடும் முறை சட்டத்தைப் பொறுத்தது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலுள்ள மரச்சட்டத்தில் பிளைவுட் பலகையைத் திருகாணியால் இறுக்கலாம். அலுமினியச் சட்டத்தைத் துளையிடுவதைத் தவிர்த்து, வெளிப்புறம் இரும்புக் கிரில் இருந்தால் உள்ளிருந்தபடியே பலகையை அதனுடன் கம்பியால் கட்டலாம். எட்டாத இடத்திற்கு உடலை வெளியே நீட்ட வேண்டா. பாலித்தீன் விரிப்பு மட்டுமே கிடைத்தால், அதன் ஓரத்தை மரச்சட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றியபின் ஆணி அடிக்க வேண்டும். வெறும் ஆணியிடத்தில் காற்று அதைக் கிழித்துவிடும். கீழ் ஓரம் சன்னல் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால்தான் நீர் வெளியே வடியும். அட்டைப்பெட்டியை நம்புவது வீண்.

மூடுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களை நாங்கள் வேண்டுகிறோம். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீடு புயல் சேதத்தை ஏற்கிறது. சேதம் பெருகாமல் தடுப்பதும் காப்பீடு பெற்றவரின் கடமையாதலால், தற்காலிகமாக மூடுவது இழப்பீட்டுக்குத் தடையாகாது. பலகை, கம்பி வாங்கிய ரசீதுகளையும் பத்திரப்படுத்துக.

புதுக் கண்ணாடிக்கான அளவையும் அப்போதே எடுத்துவிடலாம். அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவையே கண்ணாடிக்காரரிடம் சொல்ல வேண்டும். பழைய சட்டம் நேராக இருப்பது அபூர்வம்.