முன்னே 39... பின்னே 43!

திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காரும் நம் ஆசாமிக்கு, ஞாயிற்றுக்கிழமை திறந்த ஜீப்பில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போய் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டு வர ஆசை. தப்பே இல்லை! ஆனால், "ஒரிஜினல் ஃபோர் வீல் டிரைவ் சார்... கண்மாய்க்குள்ள இறக்கினாலும் ஏறிடும்" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பல்லை எண்ணுங்கள்.

"பல்லா? என்ன, மாடா வாங்கறோம்?" என்பீர்கள். கிட்டத்தட்ட அதே சமாசாரம்தான்!

ஜீப்பின் முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் ஒரு இரும்பு உருண்டை தெரியும். உள்ளே பெரிய கிரவுன் வீல், சின்ன பினியன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8. வகுத்தால் 4.88. போர் முடிந்து 1945-ல் பொதுஜனத்துக்காக வந்த வில்லிஸில் 43-க்கு 8, அதாவது 5.38. 1947-ல் மஹிந்திரா இங்கே ஜீப் பூட்ட ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ மாடல், எத்தனையோ விகிதம். வெளியே பார்த்தால் ஆக்ஸில் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாதா ஜீப்புக்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து முன் ஆக்ஸில் வாங்கிப் பூட்டி 'ஃபோர் வீல்' ஆக்குகிறார்களே, அங்கேதான் வினை.

பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன். இந்த ஜீப்புகளில் ஃபோர் வீல் லீவரைப் போட்டால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். முன்னால் 4.88, பின்னால் 5.38 என்றால் முன் சக்கரம் 10 சதவிகிதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர். பின் சக்கரம் கோயில் வாசலுக்கு வரும்போது, முன் சக்கரம் பிள்ளையார்பட்டி பக்கம் இன்னொரு கிலோமீட்டர் போயிருக்க வேண்டும்! சேஸிஸ் ஒன்றுதானே, எப்படிப் போகும்? டேலி ஆகாத அந்த ஒரு கிலோமீட்டரை யாராவது ஏற்கத்தானே வேண்டும். டயர் தேயும், ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும், லீவர் திரும்ப வராது. கடைசியில் ஷாஃப்ட்டின் கிராஸோ, கியர் பல்லோ 'படார்'!

சேற்றில் சக்கரம் வழுக்குவதால் முறுக்கு கொஞ்சம் தளரும். காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வழியே இல்லை. (விகிதம் பொருந்திய ஜீப்பிலேயே தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் போகிறது அல்லவா?)

இதில் கொடுமை என்னவென்றால், டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. சாதாரணமாக ஓட்டும்போது முன் ஷாஃப்ட்டுக்கு இணைப்பே கிடையாது. ஐப்பசி மழையில் கண்மாய்க் கரையில் லீவரைத் தள்ளும்போதுதான் குட்டு உடையும்!

"அப்போ டிராக்டர்ல முன் சக்கரம் சின்னதா இருக்கே?" என்று ஒரு புத்திசாலி கேட்பார். அங்கே அந்த டயர் அளவுக்கு ஏற்றபடி பல் கணக்கைக் கம்பெனியே போட்டிருக்கிறது. முன் சக்கரம் ஓரிரு சதவிகிதம் முந்தி இழுக்கட்டும் என்று வேண்டுமென்றே விடுவதும் உண்டு. பத்து சதவிகிதம் இல்லை சாமி.

சரி, உருண்டையைப் பிரிக்காமல் எப்படி எண்ணுவது? சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஃபோர் வீல் லீவர் விலகியே இருக்கட்டும். முன் ஹப்பில் லாக் இருந்தால் போடுங்கள். ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, சக்கரத்தை 16 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 39 சுற்று வந்தால் 4.88, 43 வந்தால் 5.38. முன்னாலும் பின்னாலும் ஒரே எண் வர வேண்டும். நாலு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எண் ஒத்துப்போகாத ஜீப்தான் மனசுக்குப் பிடித்துத் தொலைத்தது என்றால், ஏதாவது ஒரு ஆக்ஸிலில் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் ஊளையிடும். அதுவரை முன் ஷாஃப்ட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு ஓட்டலாம். ஆனால் விலை பேசும்போது, ஃபோர் வீல் டிரைவ் ரேட் கொடுக்காதீர்கள்!