மண்வெட்டியும் மில்லிங் இயந்திரமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிளைச் சாலைகள் ராகி மூட்டைக்கும் புளிக்கும் மாங்காய்க்கும் போடப்பட்டவை. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபட்டும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கிய பிறகும், தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் போகும் சாலைகள் நெடுநாள் குறுகலாகவே கிடந்தன. எதிரே பேருந்து வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும்.

அன்று தார் போடுவது ஊரே வேடிக்கை பார்க்கும் வேலை. ரோட்டோரத்தில் விறகு எரித்து டிரம் தாரை உருக்குவார்கள். ஜல்லியோடு புரட்டி இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாலையைக் காப்பாற்றியவர்கள் சாலைப் பணியாளர்கள். அவர்கள் கையில் மண்வெட்டி, கடப்பாரை, கூடை. சாலையோர மண்ணைச் செதுக்கி நீருக்கு வழிவிடுவது, சிறுபாலத்து அடைப்பை எடுப்பது, சின்னப் பள்ளத்தைப் பெரிதாகும் முன் மூடுவது எல்லாம் அவர்கள் பாடு. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை ஆடிக்கு முன்பே மாற்றுவது போன்ற வேலை. செய்தால் யார் கண்ணிலும் படாது. செய்யாவிட்டால் வீடே ஒழுகும்.

இந்த வேலைக்கென்றே தமிழக அரசு 1997இல் ஏறத்தாழ 10,000 பேரை எடுத்தது. 2002இல் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. 41 மாதம் வேலையில்லாமல் போராடி, 2006இல் அவர்கள் திரும்ப வந்தார்கள். அந்த 41 மாதத்தில் செலவு மிச்சம் என்று கணக்குப் பார்த்தவர்கள், தூர்ந்துபோன வாய்க்கால்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பது என் சந்தேகம்.

அதற்குள் சாலையில் ஓடும் பாரம் வேறாகிவிட்டது. இன்று ரோஜாப் பெட்டி ஏற்றிய வேனுக்கு முன்னால் எம்-சாண்ட் டிப்பர், பின்னால் கன்டெய்னர். கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லர் வந்தால் சத்தத்திலேயே தெரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டதும், எல்லையில் மணிக்கணக்கில் நின்ற லாரிகள் நிற்காமல் ஓடத் தொடங்கின. மறு ஆண்டே மத்திய அரசு லாரிகளின் பார வரம்பையும் உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது.

1.3 டன்தானே என்று தோன்றும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பாரம் சாலையை எவ்வளவு கெடுக்கிறது என்று அறியவே சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களை விட்டு லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் படிக்கு உயர்கிறது என்று தெரிந்தது. அந்தக் கணக்கில், 13 சதவீதம் கூடிய பாரம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சேதம் செய்யும். சட்டத்தை மீறாத லாரிக்கே இந்தக் கணக்கு; மீறுகிற டிப்பரைப் பற்றி என்ன சொல்ல?

பராமரிக்கும் முறையும் மாறாமல் இல்லை. ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத் தாரைத் தரம் பிரித்த வழக்கம் 2006இல் போய், 60 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மையை அளக்கும் முறை வந்தது. நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீட்டு வாசல்கள் பள்ளமாகிப்போயின. அதனால் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அப்படிச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் இப்போது ஓசூர்க்காரர்களுக்கும் பழகிய காட்சி.

இவற்றைவிடப் பெரிய மாற்றம் ஒப்பந்தத்தில் வந்தது. பொள்ளாச்சிக் கோட்டத்தில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் கிருஷ்ணகிரிக்கும் வந்த செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு முறையில், சாலைத் தொகுப்பு ஒன்றை ஐந்தாண்டுக்கு ஒரே ஒப்பந்ததாரர் கவனிக்க வேண்டும். எத்தனை பள்ளம் மூடினார் என்று எண்ணிப் பணம் தருவதில்லை. சாலை சொன்ன தரத்தில் இருந்தால் பணம், இல்லாவிட்டால் பிடித்தம். முன்பெல்லாம் பள்ளம் விழுந்தால் அடுத்த வேலை கிடைத்தது. இதில் பள்ளம் விழுந்தால் நஷ்டம். விரிசலைத் தொடக்கத்திலேயே அடைப்பதில் ஒப்பந்ததாரருக்கு அக்கறை வருகிறதென்றால் அது இதனால்தான். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கு வருபவர்களின் கண் தார்ப்பரப்பிலேயே நிற்கிறது. அடியில் மண் ஊறிப்போனால் மேலே எவ்வளவு உயர்ந்த தாரைப் போட்டாலும் கன்டெய்னர் அதைப் பிளந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டம் இது. வாய்க்கால் வேலை செய்கிறதா என்பது பிப்ரவரி வெயிலில் ஜீப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆண்டுக்கு ஓர் ஆய்வையாவது அக்டோபரில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, குடையோடு நடந்து நடத்தட்டும். பக்கத்தில் பழைய சாலைப் பணியாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டால், எந்தச் சிறுபாலம் முதலில் அடைத்துக்கொள்ளும் என்று அவரே காட்டுவார்.