ஆவி பிடிப்போம், அவதானமாக

மாரி மழை பிடித்துவிட்டால் எமது கிராமங்களில் தடிமனும் இருமலும் கூடவே வந்துவிடும். மழை விட்டுப் பெரும்போக அறுவடை தொடங்கினால் நெற்சுணையால் மூக்கடைப்பு. பிறகு கச்சான் காற்றும் புழுதியும். இவற்றுக்கெல்லாம் எமது தாய்மார் முதலிற் செய்வது ஆவி பிடிப்பதுதான். சித்த மருத்துவம் இதை ‘வேது’ என்று கூறி, புற மருத்துவ முறைகள் 32இல் ஒன்றாக வைத்திருக்கிறது.

வழக்கம் நல்லதே. ஆனால் அதைச் செய்யும் இடம் மாறிவிட்டது. 1990இல் மடுவிலும் பேசாலையிலும் முகாம்களில் தங்கியவர்களும், 2007, 2008 ஆம் ஆண்டுகளில் முசலி, மடு, மாந்தை மேற்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் இதை நன்கு அறிவர். முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேறினார்கள். 2017இல் நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட பின்னரும் பல குடும்பங்கள் கொட்டில்களிலேயே காலம் கழித்தன. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வெள்ளத்தில் மீண்டும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சமையல், படுக்கை, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் ஒரே அறையில் நடக்கும்போது, கொதிநீர்ப் பானையே வீட்டிலுள்ள பெரிய ஆபத்தாகிவிடுகிறது.

ஆவி என்ன செய்யும்?

இளஞ்சூடான ஈரக்காற்று மூக்கில் இறுகிய சளியை இளக்கும். சற்று நேரம் மூச்சு இலகுவாகும், இரவில் நித்திரை வரும். அவ்வளவுதான். தடிமன் வைரஸ் கிருமியால் வருவது; ஆவி அந்தக் கிருமியைக் கொல்லாது. கிருமி சாகுமளவு சூட்டை உள்ளே இழுத்தால் முதலில் வெந்துபோவது எமது மூக்கும் தொண்டையும்தான்.

கொவிட் காலத்தில் இந்த உண்மை பலருக்கு மறந்துபோனது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் கருவிகள் வைக்கப்பட்டபோது, அதனால் தொற்றுப் பரவலாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் எச்சரித்தார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனை வைத்தியர்கள், ஆவி பிடிக்கையில் கொதிநீர் பட்டு வந்த பிள்ளைகளின் தொகை வழமையைவிட 30 மடங்கு கூடியதாக 2020இல் அறிவித்தார்கள். 70 பாகை செல்சியஸ் நீர் ஒரு விநாடியில் தோலைச் சுட்டுவிடும். அடுப்பால் இறக்கிய நீர் 100 பாகை.

பானையில் பிடிப்பதானால்

அகன்ற சட்டியைத் தவிர்த்து, வாய் ஒடுங்கிய செம்பு போன்ற பாத்திரத்தை எடுங்கள். கவிழ்ந்தாலும் குறைவாகவே சிந்தும். பிளிமத் நகர வைத்தியர் ஜோன் மட்ஜ் 1778இலேயே மூடியும் குழாயும் பொருத்திய உலோகக் குவளையால் ஆவி பிடிக்கச் செய்தார். ஆவி வரும் வழி ஒடுங்கியிருப்பது நல்லதென்பது அன்றே தெரிந்த விஷயம்.

பாத்திரத்தில் அரைவாசிக்கு மேல் நீர் வேண்டாம். அடுப்பால் இறக்கி ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல், அசையாத மேசையில் வைத்து, கதிரையில் இருந்து பிடியுங்கள். முகத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முடிந்த கையோடு நீரை வெளியே ஊற்றிவிடுங்கள். சிறு பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிநீர்ப் பானையில் ஆவி பிடிக்கவே கூடாது. பிள்ளை துள்ளினால் பானை கவிழும். பிள்ளைக்கு மூக்கடைத்தால் உப்புநீர் மூக்குத்துளியும் தாய்ப்பாலும் இளஞ்சூட்டுக் குடிபானமும் உதவும்.

கையடக்க மின்கருவி

மருந்துக்கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் ஆவிக் கருவி இப்போது பல வீடுகளில் உண்டு. பானையைவிடக் குறைந்த நீரே அதில் இருப்பதால் கவிழ்ந்தால் வரும் ஆபத்து குறைவு. ஆயினும் அது எப்படி வேலை செய்கிறதென்று தெரியாமல் பாவித்தால் வேறு ஆபத்து வரும்.

கருவிகள் இரண்டு வகை. ஒன்றில் சூடாகும் தட்டு இருக்கும். மற்றதில் இரண்டு தண்டுகள் நீருக்குள் நிற்கும். மின்சாரம் நீரினூடாகவே பாய்ந்து அதைக் கொதிக்க வைக்கும். இந்த இரண்டாவது வகையில், பிளக் சொருகியிருக்கும்வரை நீரிலும் மின்சாரம் உண்டு. அதனால் பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திறப்பதோ, விரலை விடுவதோ, நீர் சேர்ப்பதோ கூடாது. எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரக்கையும் ஈர நிலமும் உள்ள கொட்டிலில் அது உயிரைக் குடிக்கும்.

இங்கேதான் எமது கிணற்று நீரையும் கவனிக்க வேண்டும். மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். உப்புக் கூடினால் நீரில் மின்சாரம் கூடுதலாகப் பாயும். தண்டு வகைக் கருவி அளவுக்கு மிஞ்சிக் கொதித்து, சுடுநீர்த் துளிகளை முகத்தில் தெறிக்கும், பியூஸ் போகும். தட்டு வகையில் சுண்ணாம்பு படிந்து தட்டுப் பழுதாகும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணற்று நீரையோ குழாய் நீரையோ பாவியுங்கள். சுத்திகரித்த நீரில் ஆவி குறைவாக வந்தால் பலர் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். கருவியோடு வரும் தாளில் சொல்லியிருந்தால் மட்டும், அதில் சொன்ன அளவே போடலாம். படிந்த சுண்ணாம்பை, பிளக்கைக் கழற்றி ஆறவிட்ட பின், தேசிக்காய்ச் சாறு விட்டு ஊறவைத்துக் கழுவலாம்.

நீர் அளவுக் கோட்டைத் தாண்டக் கூடாது. முதலில் தெறிக்கும் துளிகள் போகும்வரை முகத்தைத் தள்ளி வையுங்கள். முகமூடியை ஒருவர் பாவித்த பின் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். நீண்ட வயர் இழுத்து, பல பிளக்குகள் சொருகிய கட்டையில் இதையும் சொருகாதீர்கள்.

இலையும் தைலமும்

நொச்சி, துளசி, ஆடாதோடை, வேம்பு ஆகியவற்றின் இலைகள் பானைக்குரியவை. அவற்றை மின்கருவியின் நீர்த்தொட்டிக்குள் போட்டால் துவாரம் அடைபட்டு, கொதிநீர் வேறு வழியால் பீறிடும். தைலம், கற்பூரம், மருந்துக் குளிசை எதையும் தொட்டிக்குள் போடாதீர்கள். சில கருவிகளில் மருந்துக்கெனத் தனிக் கிண்ணம் உண்டு. அதில் மட்டும் போடலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் தைலம் எதுவும் வேண்டாம். பிள்ளை இவற்றை விழுங்கினால் வலிப்பு வரும்; எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் தொய்வுக்காரருக்குப் பிடிக்கும் ‘நெபுலைசர்’ வேறு கருவி. அது மருந்தை நுண்துளியாக்கி நெஞ்சுக்குள் அனுப்புகிறது. ஆவிக் கருவி அந்த வேலையைச் செய்யாது. சூடான ஆவி சிலருக்கு முட்டைக் கூட்டியும் விடும். தொய்வுக்காரர் வைத்தியர் தந்த மருந்தை விட்டுவிட்டு ஆவியை நம்பியிருக்கக் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரி?

ஆவி பிடித்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் கடத்துவதால் நியூமோனியாக் காய்ச்சல் முற்றிவிடுகிறது. பிள்ளை அமைதியாக இருக்கையில் நெஞ்சைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் உடனே கொண்டுபோக வேண்டும். மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தால், பால் குடிக்காவிட்டால், உதடு நீலம் பாரித்தால், சோர்ந்து கிடந்தால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். தோலில் ஒட்டாத உடுப்பைக் கழற்றுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் இலேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் கருவி வாங்கியவர்கள் அதைப் பக்கத்து வீட்டாருக்கு இரவல் கொடுக்கையில், இந்த விளக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்ட, மற்றவர்கள் பிள்ளையின் மூச்சை எண்ணிப் பழகலாம். மணிக்கூடு ஒன்றிருந்தால் போதும்.