வெண்ணெய்ப் பழம்

சேலம் நகரை அடுத்து ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. ஏரியும் காடும் கூடி அப்பெயர் ஆயிற்று என்பர். அங்குள்ள காப்பித் தோட்டங்களில் ஆரஞ்சு, பலா, மிளகுக்கொடி ஆகியவற்றோடு வெண்ணெய்ப் பழ மரங்களையும் காணலாம். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தில் தோன்றிக் கடல் கடந்து வந்த மரம் இது. சதை வெண்ணெய்போல் குழைந்திருத்தலின் இப்பெயர் காரணப் பெயரே. ஈழத் தமிழர் இதனை ஆனைக்கொய்யா என வழங்குவர். அதுவே நல்ல பெயர் என்பேன். வெண்ணெய் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், கொலஸ்டிரால் பெருகுமென அஞ்சி இக்கனியை ஒதுக்குவாரும் உளர் அன்றோ?

அவ்வச்சம் பொருந்தாது. பசு வெண்ணெய் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் உண்டு. இக்கனியில் அஃது இல்லை என்றே கூறலாம். விலங்குகளின் உயிரணுச் சவ்வுக்குக் கொலஸ்டிரால் உறுதி தருவதுபோல, செடிகொடிகளுக்கு உறுதி தருவது தாவர ஸ்டெரால். இரண்டும் உருவில் உடன்பிறந்தார் போன்றவை. நம் உடலுக்கும் கொலஸ்டிரால் வேண்டுவதே. குருதியில் அது மிகுந்தால்தான் இதயக் குழாய்களில் படிந்து உயிருக்கு இறுதி விளைக்கும்.

உணவிலும் பித்தநீரிலும் உள்ள கொலஸ்டிரால் நீரில் கரையாது. நுண்ணிய கொழுப்புத் துளிகளில் ஏறியே அது குடற்சுவரை அடைதல் வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்லும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். இருக்கைகள் அளவானவை. ஸ்டெரால் ஏறி அமர்ந்துகொண்டால், கொலஸ்டிராலில் ஒரு பகுதி அடிவாரத்திலேயே நின்று, மலத்தோடு கழிந்துவிடும். மேலே சென்ற ஸ்டெராலையும் குடற்சுவரிலுள்ள சில புரதங்கள் வாயிற்காவலர்போல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நூற்றில் ஐந்து பங்குகூடக் குருதியிற் சேர்வதில்லை.

நாளொன்றுக்கு 2 கிராம் ஸ்டெரால் உட்கொண்டால், எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்டிரால் நூற்றுக்குப் பத்தளவு குறையும். ஆயின், இக்கனியின் சதை 100 கிராமில் உள்ளது ஏறத்தாழ 80 மில்லிகிராமே. கணக்கிட்டால் இரண்டரைக் கிலோ சதை வேண்டும். ஆனைக்கொய்யாவை ஆனைதான் அவ்வளவு உண்ணும்! எள்ளில் இதனினும் ஐந்து மடங்கு உண்டு. அப்போதும் அரைக் கிலோ வேண்டும். பின்லாந்து நாட்டார் 1995ஆம் ஆண்டில், பைன் மரத்திலிருந்து எடுத்த ஸ்டெராலைப் பக்குவம் செய்து, ரொட்டியில் தடவும் கொழுப்பிற் கலந்து விற்றது இது பற்றியே. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கனியை மட்டும் நம்புதல் பெரும் பிழை. எனினும், இக்கனியின் கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் உள்ள வகையே. அதனாலும் நாரினாலும், வெண்ணெய்க்கு மாற்றாக உண்பார்க்கு நன்மை உண்டு.

மிகச் சிலர்க்குப் பிறவியிலேயே அவ்வாயிற்காவல் பழுதுபட்டிருக்கும். அமெரிக்காவில் உடன்பிறந்த பெண்கள் இருவரிடம் இந்நோய் கண்டறியப்பட்டதை 1974ஆம் ஆண்டில் மருத்துவர் வெளியிட்டனர். ஸ்டெரால் அவர்தம் குருதியிற் புகுந்து தேங்கிவிடும். அத்தகையோர்க்கு எள்ளும் ஆகாது, இக்கனியும் ஆகாது.