ஆக்ஸோலோட்டலுக்கு ஆகாத வெப்பம்

மாணவர்களே, நீங்கள் வளர்க்கும் ஆக்ஸோலோட்டல் உணவைத் தொடவில்லையா? செவுள்களின் நுனி முன்னோக்கி வளைந்து, வெள்ளைப் பஞ்சுபோல் ஏதேனும் படிந்திருக்கிறதா? மருந்து வாங்குமுன் தொட்டியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

இந்த நீர்நில வாழ்வியின் தாயகம் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள இடம் அது. 16 முதல் 18 பாகை செல்சியஸ் நீரே இதற்கு ஏற்றது. பாலிக் புலாவிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தொடுகிறது.

16 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் உயிர்வாயு கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். ஆனால், வெப்பத்தில் உடலின் உயிர்வாயுத் தேவை கூடுகிறது. சோர்ந்த உடலைப் பூஞ்சணம் எளிதில் பற்றிக்கொள்கிறது.

குளோரின் நீக்கிய சுத்தமான நீருள்ள தனிப் பாத்திரத்துக்கு அதை மாற்றுங்கள். உறையவைத்த நீர்ப் புட்டியை மிதக்கவிட்டு வெப்பத்தை மெல்லக் குறையுங்கள். திடீர்க் குளிரும் தீங்கே. நீரை நாள்தோறும் மாற்றுங்கள். மெல்லிய தோல் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மீன் மருந்து இடாதீர்கள்.

மின்விசிறி ஓரளவே உதவும். நம் ஈரக்காற்றில் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். குளிரூட்டும் கருவிக்கு வழியில்லையென்றால், இதனை வாங்காமல் இருப்பதே நாம் காட்டும் அன்பு.